ஆட்டின் பல்லும் அப்பாவின் ஈறும்

எங்கள் வம்சத்தில் ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் வாய் நிறையப் பல் இருந்ததில்லை. எனக்கு நினைவு தெரிந்தபோதே அப்பாயிக்கு முன்வாயில் இரண்டு பல்தான். பெரியப்பாவுக்கு ஐம்பதிலேயே பொக்கை வாய். அத்தை சிரிக்கும்போது முந்தானையை வாயருகே கொண்டுபோவாள். "நம்ம வம்சத்துப் பல்லு அப்படித்தான் கண்ணு. நாப்பதுல ஆடும், அம்பதுல உழும்" என்பாள் அப்பாயி. அதில் வருத்தம் எதுவும் இருக்காது. கேட்பவர்களும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

விழுந்த பல்லை நான் பலமுறை கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சொத்தை இருக்காது. முழுப் பல், வேரோடு கழன்று வந்திருக்கும். வேரைச் சுற்றிக் கறுப்பும் பழுப்புமாகக் கல்போல ஏதோ ஒட்டியிருக்கும். பல் நன்றாகத்தான் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஈறும் எலும்பும்தான் போயின என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டு, மறுவேளை களியைக் கரைத்துக் குடித்துக்கொண்டார்கள்.

அப்பா ஆட்டு வியாபாரி. எங்கள் ஊர் மேச்சேரியில் பிறந்தவர்களுக்கு ஆட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செம்பழுப்பு நிறம், குட்டை மயிர், கொம்பு கிடையாது. கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். இதைக் காப்பதற்காகவே 1978இல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சந்தையில் அப்பா ஆட்டின் முதுகைத் தடவுவதற்கு முன்னால் வாயைத்தான் பிடிப்பார். கட்டைவிரலால் கீழுதட்டைத் தள்ளி ஒரு பார்வை பார்த்ததும் வயது சொல்லிவிடுவார். ஆட்டுக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது, கீழே எட்டுதான். பால்பல் உதிர்ந்து இரண்டு பல் முளைத்தால் ஒன்றேகால், ஒன்றரை வயது. நாலானால் இரண்டை ஒட்டி. எட்டும் முளைத்துவிட்டால் நாலு வயதுக்குப் பக்கம். பல் தேய்ந்து, ஆடி, இடைவெளி விழுந்த ஆட்டை அவர் வாங்கமாட்டார். "மேயமுடியாத ஆடு எத்தன நாளைக்கு நிக்கும்?" என்பார்.

அப்படிப் பல்லை வைத்தே பிழைத்த குடும்பத்தில், மனிதர்களின் வாயை யாரும் திறந்து பார்த்ததில்லை. வலி வந்தால் பார்ப்பார்கள். ஈறு நோயோ நெடுங்காலம் வலிக்காது. அதனாலேயே எங்கள் வீட்டில் அது தலைமுறை தலைமுறையாகக் கேட்பாரில்லாமல் குடியிருந்தது.

பல் விளக்குவதில் நாங்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லமுடியாது. அப்பாயி காலத்தில் அடுப்புச் சாம்பலும் உமிக்கரியும். வேப்பங்குச்சி எப்போதும் உண்டு. இடையில் கொஞ்சகாலம் செங்கலை நுணுக்கிச் சலித்த தூள். பிறகு தாளில் மடித்து வந்த ரோஸ் நிறப் பல்பொடி. எல்லாம் ஆட்காட்டி விரலால், பல்லின் முகப்பில் மட்டும், பளபளக்கும்வரை. பல்லும் ஈறும் சேரும் விளிம்புக்கோ, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலோ, உள்பக்கமாக நாக்கு படும் இடத்துக்கோ விரல் போனதில்லை. இரவில் விளக்குவது என்பது கேள்விப்படாத சங்கதி. ராத்திரி சோற்றுக்குப் பிறகு வெற்றிலை. அப்பாயிக்கும் பெரியப்பாவுக்கும் அதோடு புகையிலைத் துண்டு, கன்னத்தில் அடக்கியபடியே தூக்கம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேடு செய்தது வீட்டில் எழுதாமல் இருந்த ஒரு சட்டம். விளக்கும்போது ரத்தம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். "ரத்தம் வருது, அந்தப் பக்கம் தேய்க்காத, உடு" என்பார் அப்பா. புண்பட்ட இடத்தைத் தொடக்கூடாது என்பது பரிவான எண்ணம்தான். ஆனால் ஈறு விஷயத்தில் அது நேர்த் தலைகீழ். ஈறு விளிம்பில் படியும் வழவழப்பான படலத்தில் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றோடு போராட ரத்தம் அங்கே ஓடிவருவதால்தான் ஈறு சிவந்து உப்புகிறது, தொட்டால் கசிகிறது. கசிகிற இடத்தைத் தேய்க்காமல் விட்டால் படலம் தடிக்கும். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறுகிக் காரையாகும். காரையின் சொரசொரப்பில் மேலும் படலம் ஏறும். ரத்தம் 'இங்கே சுத்தம் போதவில்லை' என்று சொன்னது. நாங்கள் 'இங்கே தொடாதே' என்று கேட்டுக்கொண்டோம்.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதை 1965இலேயே ஒருவர் நிரூபித்துக் காட்டியிருக்கிறார். நார்வேயில் பிறந்த ஹெரால்ட் லோ என்ற பல் மருத்துவர், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் சரியானது. இவ்வளவு எளிய உண்மை எங்கள் தெருவுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து கடந்தபோது கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்தது. கறி எலும்பைக் கடிப்பதை விட்டார். பிறகு நிலக்கடலையை விட்டார். கடலைக்காய் விளையும் ஊரில் கடலை தின்னாத மனிதரானார். அடிக்கடி ஒரு பக்கம் ஈறு புடைத்துச் சீழ் கட்டும். கிராம்புத் தைலம் வைப்பார், கல் உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிப்பார், மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவார். சீழ் உடைந்து வீக்கம் வடியும், சில வாரம் கழித்து வேறிடத்தில் எழும். வாயில் வாடை வந்ததால் ஆட்களோடு பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினார். சந்தையில் உரத்த குரலில் விலை பேசிய மனிதர் துண்டுக்குள் விரல் பிடித்தே பேரத்தை முடித்துக்கொள்வதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. "பயோரியா" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததோடு ஊரில் அதற்கான வைத்தியம் முடிந்துபோனது.

காலில் பட்ட முள் காயம் ஆறாமல் இழுத்தபோதுதான் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. அங்கிருந்த மருத்துவர் காலைப் பார்த்த பிறகு வாயைத் திறக்கச் சொன்னார். "மொதல்ல பல் டாக்டரப் பாருங்க. இது சரியாகாம சர்க்கரை எறங்கறது செரமம்" என்று எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்கும் ஈறுக்கும் என்ன உறவு என்று அப்பா கேட்ட கேள்விக்கு மேட்டூரில் ஒரு பெண் பல் மருத்துவர் பொறுமையாக விடை சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் உடம்பின் எதிர்ப்பு தளர்ந்து ஈறு சீக்கிரம் அழியும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாமல் சர்க்கரை ஏறும். ஒன்றை ஒன்று வளர்க்கும். ஈறைக் குணப்படுத்தினால் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவர் மெல்லிய, அளவுக்கோடு போட்ட ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஈறுக்குள் மெதுவாக இறக்கினார். "மூணு... அஞ்சு... ஏழு..." என்று சொல்லச் சொல்ல உதவிப் பெண் எழுதிக்கொண்டாள். நல்ல ஈறில் கம்பி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அப்பாவுக்குப் பல இடத்தில் ஐந்து, சில இடத்தில் ஏழு. "சந்தையில நான் ஆட்டுக்குப் பாக்கற மாதிரி நீங்க எனக்குப் பாக்கறீங்க" என்றார் அப்பா. "ஆட்டுக்கு நீங்க வருசா வருசம் பாக்கறீங்கல்லப்பா? ஒங்களுக்கு மட்டும் ஏன் பாக்கல?" என்று கேட்டார் மருத்துவர். அப்பா வெகுநேரம் பேசவில்லை.

காரையை எடுக்க வேண்டும் என்றதும் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். "பல்லச் சுத்தம் பண்ணுனவன் எவனுக்கும் பல்லு நின்னதில்ல" என்றார் பெரியப்பா. மேல்பல்லைத் தொட்டால் கண் பார்வை போகும் என்றாள் அத்தை. இரண்டாவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மேல்பல்லைத் தொடும் வைத்தியம் எதுவும் கண் நரம்பைத் தொடுவதில்லை. முதலாவதில் மட்டும் பாதி உண்மை இருந்தது. அதை மருத்துவர் மறைக்கவில்லை. "மழையில மண்ணு அரிச்ச பந்தக்காலுக்கு அடியில கல்லு முட்டுக் கொடுத்து நிக்குதுன்னு வெச்சுக்குங்க. அந்தக் கல்ல எடுத்தா கால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனா இங்க மண்ண அரிக்கறதே அந்தக் கல்லுதான். அத எடுத்தாத்தான் மிச்ச மண்ணாவது நிக்கும்" என்றார்.

அப்படியே நடந்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அதிரும் முனையால் காரையை உடைத்து எடுத்தார்கள். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, பகுதி பகுதியாக ஈறுக்கு உள்ளே வேரைச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். சில நாள் குளிர்ந்த நீர் பட்டால் கூசியது. வீக்கம் வடிந்ததும் பல்லுக்கு நடுவே சந்து தெரிந்தது. காரையும் வீக்கமும் அடைத்திருந்த இடைவெளி அது, புதிதாக உண்டானது இல்லை. ஊரில் பலர் இந்தக் கட்டத்தில்தான் பயந்து சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். 'சுத்தம் செய்ததால் பல் போச்சு' என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. பல் நன்றாக ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் போகிறவர்களுக்குச் சில பற்கள் எப்படியும் விழும். பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது. அப்பாவுக்கும் காப்பாற்ற முடியாத மூன்று பற்களை எடுக்க வேண்டியிருந்தது. மற்றவை இறுகின. கரைந்த எலும்பு வளராது, கரைவதை நிறுத்தலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அது நின்றது.

"வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று அவர் சொன்னதுதான் எங்கள் குடும்பத்தின் கதையை மாற்றியது. ஈறு நோய் சளி காய்ச்சல்போல ஒட்டுவதில்லை. ஆனாலும் சிலருக்கு ஈறு சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் இயல்பு ரத்த உறவில் வருகிறது. அதற்கும் மேலாக, ஒரே வீட்டில் ஒரே பழக்கம் எல்லோருக்கும் படிகிறது.

போனோம். ஒரே வீட்டுக்குள் எத்தனை விதமான வாய்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா பென்னாகரத்துப் பக்கம் பிறந்தவள். அந்தத் தர்மபுரிச் சீமையின் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தொடங்கிவைத்தார்கள். அம்மாவின் பல்லில் சிறுவயது முதலே பழுப்புக் கோடுகள். எங்கள் வீட்டில் எல்லோரிலும் மோசமான பல் அவளுடையது என்றே ஊர் நினைத்திருந்தது. ஆனால் அவள் ஈறுதான் வீட்டிலேயே கெட்டி. கம்பி இரண்டு, மூன்றுக்கு மேல் இறங்கவில்லை. ஃப்ளூரைடு கறை பல்லின் மேற்பூச்சோடு கலந்தது, சுரண்டினால் போகாது, ஈறைத் தொடாது. காரை வெளியிலிருந்து படிவது, எடுத்தால் போகும், விட்டால் ஈறைத் தின்னும். நிறத்தைப் பார்த்து வாயை எடைபோடக்கூடாது என்பதற்கு அம்மா சாட்சி.

அக்கா அப்போது ஐந்து மாதம். விளக்கும்போது ரத்தம் கொட்டுகிறதென்று பிரஷையே ஒதுக்கி வைத்திருந்தாள். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால், ஈறு கொஞ்சம் படலத்துக்கே அதிகமாக வீங்கும். அதனால் அந்த மாதங்களில் கூடுதலாக விளக்க வேண்டும். நடு மூன்று மாதங்களில் காரை எடுப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பானது. 'புள்ளத்தாச்சிய அங்கெல்லாம் கூட்டிப்போவாதீங்க' என்ற பேச்சை மீறி அவளுக்கும் செய்தோம். கசிவு நின்றது.

தம்பிதான் எல்லோரையும் கலங்கவைத்தான். இருபத்து நாலு வயது. வெற்றிலை, புகையிலை, பீடி எதுவும் தொடாதவன். பார்வைக்கு வெள்ளை வெளேரென்ற பல். ஆனால் கடைவாயில் முதல் பெரிய பற்களைச் சுற்றிக் கம்பி ஏழு, எட்டு வரை இறங்கியது. வம்சத்தின் இயல்பு அவன் வாயில் முழுமையாக இறங்கியிருந்தது. அவனைச் சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அங்கே பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பதால் செலவு எங்கள் கைக்கு அடங்கியது. வேரைச் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். குறையாத இடங்களில் ஈறைக் கீறித் திறந்து, உள்ளே பார்த்துச் சுத்தம் செய்து தைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறான். இன்று அவன் அப்பாயி சொன்ன நாற்பதைத் தாண்டிவிட்டான். ஒரு பல்லும் ஆடவில்லை.

வம்சம் என்ற சொல்லில் எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதைப் பின்னாளில் வாசித்த ஓர் ஆய்வு எனக்குத் தெளிவாக்கியது. அதே ஹெரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970இல் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். தோட்டங்களில் உழைத்த இந்த மக்களின் முன்னோர் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், எங்கள் சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். அவர்களுக்குப் பல் மருத்துவம் எட்டவில்லை, பல் விளக்கும் பழக்கமும் இல்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் ஈறு வீக்கமும் ஒன்றுபோல இருந்தன. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் பாய்ந்து ஓடியது, நாற்பத்தைந்து வயதில் அவர்கள் வாயில் பல்லே இல்லை. 81 பேருக்கு நிதானமாக நகர்ந்தது, அதே வயதில் ஏழு பல் போயிருந்தது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை.

அந்த எட்டுப் பேர்தான் எங்கள் அப்பாயி, பெரியப்பா, தம்பி என்று எனக்குப் பட்டது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அம்மா. பிறப்பில் வேறுபாடு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு சிகிச்சையும் கிடைக்காத மனிதர்களின் கணக்கு. 2010இல் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். படலத்தை நீக்குவது, காரையை எடுப்பது, ஈறு வீக்கத்தை ஆரம்பத்திலேயே அடக்குவது ஆகியவைதான் பல்லைக் காக்கும் என்று 2017இல் வெளியான அந்த ஆய்வு முடித்தது. தங்கள் வாயால் உலகத்துக்கே இந்த அறிவைக் கொடுத்தவர்கள் பெயர் தெரியாத தமிழ்த் தொழிலாளர்கள். உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் அவர்களைப் பற்றிப் படிக்கிறார்கள். அவர்கள் முன்னோரின் ஊர்க்காரர்களாகிய நாமும் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சட்டம் மாறியது. இப்போது இரவில் விளக்குவதுதான் முக்கியமான விளக்கல். மிருதுவான பிரஷைப் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாக, உள்பக்கமும் சேர்த்து இரண்டு நிமிடம். சந்து விழுந்தவர்கள் பல்லிடுக்குக்கென்று விற்கும் சின்ன பிரஷை நுழைத்து எடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் பிரஷ் மாறுகிறது. ரத்தம் வந்த இடத்தில் கூடுதலாக விளக்குகிறோம். ஒழுங்காகச் செய்தும் இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று பொருள், பிரஷால் அது போகாது, மருத்துவரிடம் போகிறோம். பேரப்பிள்ளைகளுக்கு ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் விளக்கிவிடுகிறோம். பெரியப்பாவைப் புகையிலையிலிருந்து மீட்கத்தான் நெடுநாள் பிடித்தது. புகைப்பவருக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் நோய் முற்றும்வரை எச்சரிக்கையே கிடைக்காது என்று தம்பி பீடி பிடிக்கும் தன் நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எடுத்த பல்லுக்குப் பதிலாக அப்பா பல் கட்டிக்கொண்டு, மாசித் தேருக்கு வந்த உறவுகளோடு உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதற்கு மாத்திரையும் நடையும் எவ்வளவு காரணமோ, ஈறும் அவ்வளவு காரணம் என்று நம்புகிறேன். அவர் எதையும் மென்று தின்ன முடிந்ததால்தான் கேழ்வரகும் கீரையும் பயறும் திரும்ப அவர் தட்டுக்கு வந்தன. பல் போனவர்கள் குழைந்த சோற்றுக்கும் கஞ்சிக்கும் தள்ளப்படுகிறார்கள், அது சர்க்கரையை இன்னும் ஏற்றுகிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலப் பெண் வருகிறார். சர்க்கரை நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அவரைப்போன்றவர்கள் "விளக்கும்போது ரத்தம் வருதுங்களா? பல்லு ஆடுதுங்களா?" என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டு, ஆமென்றால் பல் மருத்துவரிடம் அனுப்பிவைத்தால் எத்தனையோ வாய்கள் பிழைக்கும். அதுவரை அந்தக் கேள்வியை அவரவர் வீட்டில் அவரவரே கேட்டுவிடலாம். அப்பாவிடம், அம்மாவிடம், பிள்ளைத்தாய்ச்சி மகளிடம், இருபது வயதுப் பையனிடம். வலிக்கிறதா என்று கேட்க வேண்டாம், வலி கடைசியில்தான் வரும். ரத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.